வேதாரண்யம்: நடந்தவர்களும் சோறு கட்டியவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உப்புச் சத்தியாகிரகம் என்றதும் தண்டி யாத்திரையை விரித்துரைத்துவிட்டு வேதாரண்யத்தை ஒற்றை வரியில் கடந்துவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ நூறு தொண்டர்கள், சுமார் 240 கிலோமீட்டர் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யத்தை அடைந்தனர். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்த ராஜாஜி கைதானார்.

ஆனால் என்னைப் பெரிதும் கவர்பவர்கள் வழிநெடுக இருந்த கிராமத்தார்தான். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று அன்றைய தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தபோது, அவர்கள் கூச்சலிடவில்லை, கல்லெறியவுமில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் கட்டியது என்று மரத்தையா விசாரிக்க முடியும்? வேதாரண்யத்தில் நாவிதர் வைரப்பன், போலீஸாருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்றதும் இதே போராட்டத்தின் பகுதியே.

வேதரத்தினம் பிள்ளை போன்ற தலைவர்களை ஓரளவேனும் நினைவில் வைத்திருக்கும் நாம், பெயர் தெரியாத அந்தக் கிராமத்தாரைப் பாடநூல்களில் ஒரு பத்தியிலாவது சேர்க்க வேண்டும். அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருப்பதைப் போல, யாத்திரை சென்ற பாதையில் உள்ள ஊர்களிலும் தமிழக அரசு எளிய அறிவிப்புக் கற்களை நட்டால், அவ்வழியே பேருந்தில் செல்லும் மாணவர்கள் இச்செய்தியைத் தம் ஊரின் வரலாறாகவே படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்