ஓவர்டைமுக்கு வரியே இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவுல இனி ஓவர்டைம் சம்பளத்துக்கு வரியே கிடையாதுன்னு போட்டிருந்தீங்க, அது முழுசா சரியில்லைங்க. நான் இங்க டெக்ஸாஸ்ல ஒரு மளிகைக் கடைக்குப் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பாக்குறேன், அதான் எழுதறேன். மணிக்கு 20 டாலர் வாங்குறவரு வாரத்துல 40 மணி நேரத்தத் தாண்டுனா ஒன்றரை மடங்கு, அதாவது 30 டாலர் வரும், அதுல கூடுதலா வர்ற அந்த 10 டாலருக்கு மட்டும்தான் சலுகை, அதுவும் ஃபெடரல், அதாவது மத்திய அரசு வருமான வரியில மட்டும், சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கு), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு) எல்லாம் எப்பவும் போல சம்பளத்துல பிடிப்பாங்க. தனி ஆளுக்கு வருஷம் 12,500 டாலர் வரைக்கும்தான், 2028ஓட முடிஞ்சுடும். 2026 சம்பளத்துக்குத் தர்ற டபிள்யூ-2ல (வருஷச் சம்பளத்தையும் பிடிச்ச வரியையும் காட்டுற படிவம்) முதலாளி இந்தத் தொகைய தனியா காட்டியே ஆகணும், சின்னக் கடைக்காரங்க நிறைய பேர் இத இன்னும் கண்டுக்கவே இல்ல.

இன்னொண்ணு, அசிஸ்டென்ட் மேனேஜர்னு பட்டத்தக் குடுத்துட்டு ஓவர்டைமே தராம ஓட்டுறாங்களே, கடை வேலையில வாரச் சம்பளம் 684 டாலருக்குக் கீழன்னா பட்டம் எதுவா இருந்தாலும் ஓவர்டைம் குடுத்தாகணும். இந்த வரம்ப 1,128 டாலருக்கு ஏத்துற ரூல 2024 நவம்பர்ல டெக்ஸாஸ் ஃபெடரல் கோர்ட்டு ரத்து பண்ணிடுச்சு, அதப்பத்தியும் எழுதுங்க சார்.

— ஒரு வாசகர், டாலஸ்