ஐஸ் ஹவுஸ் வீட்டுக்காரரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ் ஹவுஸ் என்று நாம் சொல்லும் கடற்கரைச் சாலை விவேகானந்தர் இல்லம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை அமெரிக்க ஐஸ்கட்டியிலிருந்து நேராக 1897-ல் விவேகானந்தர் வந்ததற்குத் தாவிவிட்டது. நடுவில் அந்தக் கட்டடத்தை வீடாக்கிய மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள் நான், இதைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

1842-ல் அமெரிக்க ஐஸ் வியாபாரி ஃபிரெடரிக் டியூடரின் கம்பெனி கட்டிய ஐஸ் கிடங்கு அது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பாளங்கள் மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து, துறைமுகமே இல்லாத அன்றைய சென்னையில் அலைகளைத் தாண்டி வரும் மசூலா படகேறிக் கரைக்கு வந்து கிடங்குக்குள் போகும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த கிடங்குகள் போய்விட்டன, மிஞ்சியது நம்முடையது மட்டும்தான். இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. சரி, இது பலருக்கும் தெரிந்த கதை.

அப்புறம் அதை வாங்கியவர் பிலிகிரி ஐயங்கார், சென்னை உயர் நீதிமன்ற வக்கீல். ஐஸ் உருகாமல் இருப்பதற்கென்றே கட்டிய இடத்தில் ஒரு குடும்பம் வாழ வேண்டுமானால் காற்றும் வெளிச்சமும் வேண்டாமா? வட்ட வடிவத் தாழ்வாரங்களைச் சேர்த்து, ஜன்னல்கள் வைத்து, கிடங்கை வீடாக்கினவர் அவர்தான். இன்று நாம் நின்று படம் எடுக்கிற அந்த வளைந்த முகப்பு அவர் கைவண்ணம். உயர் நீதிமன்ற நீதிபதி கெர்னனின் பெயரால் 'கேஸில் கெர்னன்' என்று பெயரும் வைத்தார். அவ்வளவு பெரிய வீட்டைத் தன் குடும்பத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் ஏழை மாணவர்களையும் அங்கே தங்க வைத்திருக்கிறார்.

1897 பிப்ரவரி 6-ம் தேதி விவேகானந்தர் எழும்பூரில் வந்து இறங்கினார். குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே வண்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது இந்த வீட்டு வாசலுக்குத்தான். சுவாமிகள் கிளம்பிப் போன பிறகு அவர் அனுப்பிவைத்த, அவரோடு ராமகிருஷ்ணரிடம் சீடராக இருந்த ராமகிருஷ்ணானந்தர், சென்னை ராமகிருஷ்ண மடத்தின் தொடக்க வருஷங்களைக் கழித்ததும் இதே கூரையின் கீழ்தான். இடம் கொடுத்தவர் பிலிகிரி ஐயங்கார்.

1902-ல் அவர் காலமானார். 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடந்தபோது ராமகிருஷ்ணானந்தர் வளாகத்தின் ஒரு ஓரத்தில் உடைந்த பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தாராம், வீட்டை யார் எடுத்தாலும் எனக்கு என்ன, குரு ராமகிருஷ்ணருக்கு ஒரு சின்ன அறை போதும் என்று சொன்னாராம். மடம் கொஞ்ச காலம் வெளிக்கட்டில் இருந்துவிட்டு 1907-ல் மயிலாப்பூர் போனது.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொருவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறு வயதிலேயே கணவரை இழந்து, 1911-ல் பட்டம் பெற்றவர். 1917-ல் அரசு இந்த வீட்டை வாங்கிய பிறகு, அவர் நடத்திய விதவைப் பெண்களுக்கான இல்லம் இங்கேதான் இயங்கியது. மூலையில் உட்கார் என்று வீட்டார் ஒதுக்கிய பெண்கள், இங்கே தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளியே போனார்கள். எனக்கு இந்த வீட்டின் சரித்திரத்திலேயே பெரிய அத்தியாயம் இதுதான். விவேகானந்தர் பிறந்த நூற்றாண்டை ஒட்டி 1963-ல் வீட்டுக்கு அவர் பெயர் சூட்டியதும், 1997-ல் மடத்திடம் அரசு குத்தகைக்குக் கொடுத்ததும் அதற்கெல்லாம் பின்னால் வந்தவை.

ஜனவரியில் விவேகானந்தர் பிறந்த நாளுக்கோ ஆகஸ்டில் சென்னை தினத்துக்கோ நீங்கள் மறுபடி இந்த இல்லத்தைப் பற்றி எழுதத்தான் போகிறீர்கள். அப்போது பிலிகிரி ஐயங்காருக்கும் சுப்புலட்சுமிக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்குங்கள். அந்த இல்லத்தில் படித்த பெண்களின் பேரன் பேத்திகள் நிச்சயம் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் பழைய புகைப்படமோ கடிதமோ இருந்தால் கேட்டு வாங்கிப் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை