சுற்றுச்சாலையோர மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

உங்கள் சுற்றுச்சாலையோரத்தில் நாங்கள் எடுத்த ஆவணப்படத்தின் ஒலிக்கலவை முடிந்துவிட்டது. உங்கள் பெயர் திரையில் மூன்று நொடி ஓடும். சொல்ல வேண்டியது அதற்கு மேல் இருப்பதால் இந்த மடல்.

சாலையைப் படம்பிடிப்பது எளிது. சாலையோரத்தில் ஒருவர் பேசுவதைக் காதில் விழும்படி பதிவு செய்வதுதான் பெரும்பாடு. கார்கள் சுமார் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் எஞ்சினைவிட டயர்தான் அதிகம் இரையும். அந்த இரைச்சல் 1,000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 1,000 அதிர்வு) ஒட்டி உச்சத்தில் இருக்கும். பேச்சு புரிவதற்கான ஒலிகளும் அந்தப் பக்கம்தான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயுள்ள ஒலிகளை வடிகட்டினால் லாரியின் உறுமல் குறையும், டயர் இரைச்சல் அப்படியே நிற்கும். தள்ளிப் போனாலும் பலன் சொற்பம்: ஓயாமல் வண்டி ஓடும் சாலையில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறையும். மழை பெய்து தார் நனைந்துவிட்டால் இன்னும் மோசம்.

ஆகவே முதல் நன்றி பஞ்சர் ஒட்டும் அண்ணனுக்கு. தொட்டியில் காற்றழுத்தம் குறைந்தால் கம்ப்ரசர் தானாகவே ஓடத் தொடங்கும். அது எந்த வார்த்தையின் நடுவில் என்று யாருக்கும் தெரியாது. தொட்டியை முழுதாக நிரப்பிவிட்டு மோட்டார் சுவிட்சை அணைக்கலாம் என்ற யோசனை அவருடையது. டியூபைத் தேய்த்து, பசை தடவி, அது காயக் காத்திருக்கும் நேரத்தில்தான் அவர் பேசியதெல்லாம் கிடைத்தது.

ஒவ்வொரு பேட்டி முடிந்ததும், பேசாமல் அசையாமல் எங்களுடன் நின்றவர்களுக்கு அடுத்த நன்றி. எதற்கென்று பலர் கேட்டீர்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் பின்னணி இரைச்சல் அறுபடாதிருக்க அந்த இடத்தின் வெறும் சத்தம் வேண்டும். மூடிய அறைக்கு ஒரு நிமிடம் போதும். இங்கே மூன்று நிமிடம் கேட்டோம்; குறைவாக எடுத்தால் ஒரே ஹாரன் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும். லாரி கடக்கும்போது சொன்ன பதிலை மறுபடி சொன்னீர்களே, அதுவும் இதற்குத்தான். பாதியில் வெட்டினால் அடுத்த ஷாட்டில் லாரியே காணாமல் போயிருக்கும்!

ஒலித்தடுப்புச் சுவருக்குப் பின்னாலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பினருக்கும் கடன்பட்டிருக்கிறோம். சுவரின் நிழல் கீழ்த்தளங்களோடு முடிந்துவிடுகிறது, சாலை கண்ணுக்குத் தெரியும் மேல்தளங்களில் இரைச்சல் நேராக வருகிறது என்பதைக் காதாலேயே உணர, ஒரே நேரத்தில் வெவ்வேறு தளங்களில் மைக் வைக்க இடம் கொடுத்தீர்கள்.

ரோந்துப் பணியாளர்கள் சொல்லித் தந்தது உயிர்காக்கும் பாடம். இரும்புத் தடுப்புக்குப் பின்னால் நின்றால் மட்டும் போதாது, அதில் சாயவும் கூடாது. வண்டி மோதினால் அது ஒரு மீட்டருக்கு மேல்கூட வளைந்து வரக்கூடும். வளைவின் வெளிப்பக்கத்தில் ட்ரைபாட் வைக்கவே விடவில்லை. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

மின்விளக்குத் தொல்லையையும் சொல்லிவிடுகிறோம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும்; கேமராவின் ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் படம் மினுக்காது. எல்.இ.டி. அறிவிப்புப் பலகைகள் இந்தக் கணக்குக்கு அடங்காது. ஒவ்வொரு பலகைக்கும் ஷட்டரைத் தனியாகத் திருகி முடிக்கும்வரை காத்திருந்த சாலைப் பராமரிப்புக் குழுவின் பொறுமைக்கு வணக்கம்.

ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குத் தனி நன்றி. நோயாளியின் முகத்தை மறைத்தாலும், வயர்லெஸ்ஸில் வாசிக்கும் முகவரி ஆளைக் காட்டிவிடும் என்று எச்சரித்தவர்கள் அவர்கள். அந்த வரிகள் முழுவதையும் நீக்கிவிட்டோம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு "வேண்டாம்" என்று சொன்னவர்களே, உங்களுக்கும் நன்றி. எந்த வாக்கியம் ஒருவரின் வேலைக்கு உலை வைக்கும் என்பது வெளியிலிருந்து வரும் எங்களுக்குத் தெரிவதில்லை. உங்கள் பகுதிகள் படத்தில் இல்லை, மூலப் பதிவின் மூன்று பிரதிகளிலிருந்தும் அழித்தாகிவிட்டது.

வண்டி எண்களை மங்கலாக்கியிருக்கிறோம். திரையிடலுக்கு முன் அவரவர் பகுதியைப் பென்டிரைவில் தருகிறோம். ஏதாவது விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், இப்போதும் திருத்தலாம்.

நன்றியுடன்,
படக்குழுவினர்