கணக்கு எண் 1க்குப் பணம் வர வேண்டும்: ஏழாவது மாநில நிதி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2020 ஜனவரியிலிருந்து ஐந்து வருடம் தமிழ்நாட்டின் ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவள் நான். மாநிலத்தின் வரிப்பணத்தில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்று 2027 ஏப்ரலில் தொடங்கும் ஐந்து வருடத்துக்கு நீங்கள் எழுதப்போகிறீர்கள். எழுதி முடிக்கும் முன் எங்கள் ஊர் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஊராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதன் அடியில் குப்பை அள்ளும் பேட்டரி வண்டி ஒன்று நிற்கிறது. மத்திய நிதி ஆணைய மானியத்தில், சுகாதாரத்துக்கென்று ஒதுக்கிய பங்கில் வாங்கியது. வந்த அன்று மாலை போட்டுப் பூஜை செய்தோம். தூய்மைக் காவலராக இருக்கும் அக்கா ஒருவர் ஒரே வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். தள்ளுவண்டியை மேட்டில் தள்ளித் தள்ளி அவருக்கு இடுப்பு வலி. அந்த வருடம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு பேட்டரி இறங்கிவிட்டது. மாற்றுவதற்கு எஸ்டிமேட் எழுதி அனுப்பினோம், திரும்பி வந்தது. பழுதுச் செலவை ஊராட்சிப் பொது நிதியில் பார்த்துக்கொள்ளுங்கள், புது வண்டி வேண்டுமென்றால் அந்தத் தலைப்பில் எழுதுங்கள், ஒப்புதல் கிடைக்கும் என்று சொன்னார்கள். பொது நிதி என்றால் கணக்கு எண் 1. அந்த மாதம் அதில் இருந்த பணத்துக்கு முன்னால் மூன்று செலவு வரிசையில் நின்றது. போர் மோட்டாரில் காயில் போயிருந்தது. தெருவிளக்கு பதினைந்துக்கு மேல் எரியவில்லை. டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் பாக்கி. தண்ணீர் வராவிட்டால் ஊர் சும்மா இருக்காது என்பதால் மோட்டாருக்குக் கொடுத்தோம். அக்கா மறுபடியும் தள்ளுவண்டிக்குப் போனார்.

பணமே வராமல் இருந்திருந்தால் இந்த மடலை நான் எழுதியிருக்க மாட்டேன். வந்தது. எங்களுக்குத் தேவைப்பட்ட இடத்துக்கு அதை நகர்த்த முடியவில்லை, அவ்வளவுதான். மத்திய அரசின் 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் ஊராட்சிகளுக்கு வரும் மானியத்தில் 60 சதவீதம் இன்ன செலவுக்கு மட்டும் என்று கட்டுண்டது. பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 சதவீதம் ஊர் விருப்பம் என்றாலும் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது. குடிநீரும் சுகாதாரமும் முக்கியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குழாயைத் திறந்துவிடும் ஆளும் குப்பையை அள்ளும் ஆளும் இல்லாமல் குடிநீர் ஏது, சுகாதாரம் ஏது? அந்த ஆட்களுக்கும், அவர்கள் கையில் இருக்கும் பொருளைப் பழுது பார்ப்பதற்கும் எங்களுக்குக் கணக்கு எண் 1 மட்டும்தான் கதியாக இருந்தது. அதை நிரப்புவது எங்கள் வீட்டு வரியும், நீங்கள் சொல்லி மாநில அரசு தரும் பங்கும். அதனால்தான் டெல்லிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

டெல்லியிடம் நம் மாநிலம் கேட்பது எதுவும் அநியாயம் இல்லை. நாட்டின் மக்கள்தொகையில் நாம் சுமார் 6 சதவீதம். பகிர்ந்துகொள்ளும் வரியில் நமக்கு 12ஆவது நிதி ஆணையம் கொடுத்தது 5.305 சதவீதம், 15ஆவது கொடுத்தது 4.079. மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று சொல்லிவிட்டு, செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் கூடுதல் வரியாக வசூலிப்பதை அந்தப் பங்குக்கு வெளியே வைத்துக்கொள்கிறார்கள். அரசியலமைப்பே அதற்கு இடம் கொடுக்கிறது. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டும். இதைக் கேட்டால் யாருக்கும் மனசு ஆறாது. 16ஆவது நிதி ஆணையம் 2024 நவம்பரில் சென்னை வந்தபோது, மாநிலங்களின் பங்கை 50 சதவீதமாக உயர்த்துங்கள் என்று முதலமைச்சர் கேட்டார். பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகப் பள்ளிக் கல்விக்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டபோது, நிபந்தனையை வைத்துப் பிள்ளைகளின் பணத்தைப் பிடிக்கலாமா என்று மாநிலமே கேட்டது. நானும் கேட்டேன், இன்னும் கேட்கிறேன்.

சரி, அதே கேள்விகளைச் சென்னையைப் பார்த்து எங்கள் ஊர் கேட்டால்? மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்பது பல வருடமாக இருக்கும் ஏற்பாடு. அந்தப் பத்து சதவீதம் கிராமத்துக்கு வந்து சேரும் வழியில் என்ன ஆகிறது என்று பாருங்கள். நகரத்துக்கும் கிராமத்துக்கும் பிரிகிறது. கிராமப் பங்கு மாவட்ட ஊராட்சி, ஒன்றியம், கிராம ஊராட்சி என்று மறுபடியும் பிரிகிறது. எங்களுக்கு என்று நிற்பதிலும் ஒரு பகுதி மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணத்துக்கும் கணக்கு எண் 2க்குப் போகிறது. கரண்ட் பில் கட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஊர் மோட்டார் எத்தனை யூனிட் ஓடியது, எங்கள் பங்கில் எவ்வளவு அதற்குப் போனது என்ற கணக்கை மன்றக் கூட்டத்தில் வைத்து விவாதித்த நாள் என் நினைவில் இல்லை. கணக்கு எண் 1இல் ஒரு தொகை வந்து விழும். எந்த மாதத்துப் பணம், எவ்வளவு குறைந்தது, ஏன் குறைந்தது? கிளார்க்கைக் கேட்டால், வந்தது இவ்வளவுதான்மா என்பார். பாவம், அவருக்குச் சொன்னதும் அவ்வளவுதான்.

அடுத்த வருடம் எவ்வளவு வரும் என்று தெரியாத ஊர் எதைத் திட்டமிடும்? கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று வருடா வருடம் ஒன்று தயாரித்தோம். வேண்டியதையெல்லாம் எழுதினோம். கையில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்திருந்தால் பத்தில் ஏழு வேலையை வெட்டிவிட்டு, மீதி மூன்றுக்கு நாங்களே சண்டை போட்டு முடிவெடுத்திருப்போம். அந்தச் சண்டை ஊருக்கு நல்லது. கேரளத்தில் பட்ஜெட்டோடு சேர்த்து நான்காம் அனுபந்தம் என்று ஒரு புத்தகத்தைச் சட்டசபையில் வைக்கிறார்கள். ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் அந்த வருடம் எவ்வளவு என்று பெயர் போட்டு அதில் அச்சாகியிருக்கும். 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு விட்டபோது வந்த பழக்கம் அது. நம்மிடம் இருப்பது சுமார் 12,500 கிராம ஊராட்சி. ஊருக்கு ஒரு வரி போட்டால் ஒரு புத்தகம்தான். இதைப் பரிந்துரையுங்கள், தயவுசெய்து. சதவீதம் பத்திலிருந்து பதினொன்றாவதை விட இது எங்களுக்குப் பெரிது.

அடுத்து, ஆள் கணக்கு. நாலுவழிச் சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. கடந்த பத்து வருடத்தில் இரண்டு கம்பெனிகளும் வரிசை வரிசையாக லைன் வீடுகளும் வந்துவிட்டன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஓர் அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களும் தண்ணீர் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள், அவர்கள் குப்பையையும் அதே அக்காதான் அள்ளுகிறார். ஆனால் எங்கள் பங்கைக் கணக்கிட எடுத்துக்கொள்வது 2011 மக்கள்தொகை. அன்றைக்கு அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் கடலை போட்டிருந்தார்கள். எங்கள் ஊராவது சின்னது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், சூலூர் பக்கத்து ஊராட்சிகள் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

15ஆவது நிதி ஆணையத்தின் பங்கீட்டில் பீகாருக்கு 10.058 சதவீதம். ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன், என் வீட்டிலும் பசித்த பிள்ளைக்குத்தான் முதலில் சோறு. ஆனால் அந்தப் பீகார்ப் பிள்ளை இங்கே என் வார்டில் ஒரு குடம் தண்ணீருக்கு நிற்கும்போது, அந்தக் குடத்துக்கான பணம் எந்தக் கணக்கிலும் இல்லை. டெல்லியின் கணக்கில் அவன் பீகாரில் இருக்கிறான், சென்னையின் கணக்கில் அவன் இல்லவே இல்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். உங்கள் பரிந்துரை நடைமுறைக்கு வருவது அதற்கு ஒரு மாதம் கழித்து. ஊர்வாரியான எண்கள் வெளிவர அதற்கப்புறமும் காலமாகும். அதுவரை 2011ஐ வைத்துக்கொள்கிறோம், ஐந்து வருடமும் அதுவே போதும் என்று முடித்துவிடாதீர்கள். புது எண்கள் வந்த அடுத்த நிதியாண்டிலிருந்து பங்கு தானாக மாறும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடைப்பட்ட காலத்துக்கு வீட்டு மின் இணைப்புகளின் எண்ணிக்கையை எடுக்கலாம். எந்த ஊரில் எத்தனை மீட்டர் என்று மின்வாரியத்திடம் இருக்கிறது. ஆள் குறைந்துபோன மானாவாரி ஊர்களும் உண்டு, அவர்களுக்கும் டேங்க் ஒன்றுதான், மோட்டார் ஒன்றுதான். ஆகவே எந்த ஊருக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்கக் கூடாது. வீட்டு வரியைத் திருத்த வேண்டும் என்று பேச்சு வந்தபோது கை தூக்காதவர்களில் நானும் ஒருத்தி. மாடி வீடு கட்டியவர் எல்லாம் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர். ஊருக்கு இன்னது செய்வோம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்திருந்தால் அவர்களிடம் கேட்கத் தைரியம் வந்திருக்கும். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

செலவிலும் அப்படித்தான். பேவர் பிளாக் போட்டால் எல்லார் கண்ணுக்கும் தெரியும், பெயர் போட்டுக் கல்வெட்டு வைக்கலாம். மண்ணுக்கு அடியில் இருபது வருடமாகக் கசிந்துகொண்டிருக்கும் வால்வை மாற்றினால் யார் கல்வெட்டு வைப்பார்கள்? நல்லாயிருந்த சிமெண்ட் சாலை மேலேயே பேவர் பிளாக் போட்டதை நான் பார்த்தேன், தீர்மான நோட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஊருக்குச் சுதந்திரம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்று மேலே இருப்பவர்கள் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். என் அனுபவம் வேறு மாதிரி. புதிதாக ஒன்றைக் கட்டினால்தான் பணம் என்று விதி இருந்தால் எந்த ஊரும் கட்டிக்கொண்டேதான் இருக்கும். இருப்பதைக் காப்பாற்றுவதற்கு என்று ஒரு பங்கை, கட்டுப்பாடில்லாமல், மாதாமாதம் கணக்கு எண் 1இல் விடுங்கள். டேங்க், போர், விளக்கு, வண்டி என்று ஊரில் என்னென்ன இருக்கிறது என்ற பதிவேட்டை வைத்தே அதைக் கணக்கிடலாம். அந்தச் செலவை வாசல் சுவரில் எழுதச் சொல்லுங்கள். வால்வு மாற்றியது இவ்வளவு, பேட்டரி மாற்றியது இவ்வளவு என்று எழுதினால், ஊர்க்காரர்கள் நின்று படிப்பார்கள். தப்பு இருந்தால் அங்கேயே கேட்பார்கள். மேலிருந்து வரும் தணிக்கைக்கு இரண்டு வருடமாகும்.

ஆனால் கேட்பதற்கு எதிரில் ஒருவர் இருக்க வேண்டும். 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் இருந்தது. அதனால் மத்திய நிதி ஆணைய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. தேர்தல் நடத்தாதது ஊர்க்காரர்கள் இல்லை, பணம் இழந்தது ஊர். அப்புறம் 2025 ஜனவரி 5இல் 28 மாவட்டங்களில் எங்கள் காலம் முடிந்தபோது புது மன்றம் வந்து உட்காரவில்லை, தனி அலுவலரிடம் போனது. பி.டி.ஓ. எனும் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். 388 ஒன்றியம், சுமார் 12,500 ஊராட்சி என்றால் ஒருவர் தலையில் சராசரியாக 32 ஊர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எங்கள் தெரு வால்வு அவருக்கு எப்படித் தெரியும்? அரசியலமைப்பின் 243-இ பிரிவு, காலம் முடியும் முன்பே தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. தேர்தல் நடத்துவது உங்கள் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லும் பணம் யார் கைக்குப் போகிறது என்பது உங்கள் கவலைதானே? தேர்தல் தள்ளிப்போனால் வரும் இழப்பை மாநில அரசு தன் கையிலிருந்து ஊருக்கு ஈடு செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் தள்ளிப்போடுவதற்கு ஒரு விலை வரும். இன்று அந்த விலையைக் கொடுப்பது நாங்கள் மட்டும்தான்.

மாவட்டங்களில் கருத்துக் கேட்க வரும்போது கலெக்டர் அலுவலகக் கூட்ட அரங்கோடு நின்றுவிடாதீர்கள். வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஓர் ஊருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். படிவம் 30ஐ வாசிப்பார்கள், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று. அப்போது மேடையில் உட்காராமல் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் உட்காருங்கள். அந்தத் தொகை ஏன் அவ்வளவுதான் என்று ஒருத்தி எழுந்து கேட்பாள். யாருக்கும் பதில் தெரியாது. எங்கள் ஊருக்கே வந்தால் கூட்டம் முடிந்ததும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போகிறேன், வண்டியைப் பாருங்கள். அந்த அக்காவிடமும் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் வார்டு உறுப்பினர்