ஆரியா அண்ணாச்சிக்கு நன்றி

வாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா நேற்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார். வாசற்படியில் வலது காலைத் தூக்கி வைக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தப் பத்தொன்பது நாட்களைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடுதான் கிடந்தீர்கள்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கைலியோடு ஓடி வந்து ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு, தினமும் கஞ்சி கொடுத்துவிட்ட எதிர்வீட்டு அக்காவுக்கு, கணக்குப் பார்க்காமல் பணம் அனுப்பிய சித்தப்பா பிள்ளைகளுக்கு, கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியவர்களுக்கு, கம்பு ஊன்றிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்த அப்பாவின் கப்பல் கூட்டாளிகளுக்கு, டாக்டர்களுக்கு, நர்சுகளுக்கு எல்லாம் நன்றி. இத்தனை பேரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது மரியாதை இல்லைதான். மன்னித்துக்கொள்ளுங்கள், ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

ஆறாவது நாள். ஸ்கேனுக்குக் கொண்டுபோகக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற நான்கு பேர் வந்தார்கள். அப்பா வாயிலிருந்து ஆறு நாளாக ஒரு சத்தம் இல்லை. அம்மா பெயரும் வரவில்லை, என் பெயரும் வரவில்லை. தலைமாட்டில் விரிப்பைப் பிடித்திருந்தவர், ஐம்பது வயதிருக்கும், பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார்: “ஹாபீஸ், ஹாபீஸ்... போதும். ஆரியா, ஆரியா, மெள்ள.”

அப்பாவின் உதடு அசைந்தது. “ஆ...ரியா.” கூடவே இடது உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மெதுவாகக் கீழ்நோக்கி ஆட்டினார்.

நான்கு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். “கப்பல்லயா இருந்தாக?” என்று என்னைக் கேட்டார் அவர். சராங்காக, அதாவது கப்பல் டெக் ஆட்களுக்குத் தலைவராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்றேன். வார்டு வேலைக்கு வருமுன் துறைமுகத்தில் கிரேனுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தவராம் அவர். அன்றிலிருந்து அப்பாவைப் பெரியவரே என்று அவர் கூப்பிடவில்லை. “என்ன சராங்கு, கடல் எப்படி?” என்றுதான் வருவார்.

ஷிப்ட் முடிந்தும் தினமும் கால் மணி நேரம் இருப்பார். கஞ்சிக் கரண்டியைத் தூக்கும்போது ஹாபீஸ், தொண்டையில் இறங்கும்போது ஆரியா. புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கும்போதும் அதேதான். இரண்டு தடவை பணம் நீட்டினேன், வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

சின்ன வயதில் அந்த ஹாபீஸை நான் ஆபீஸ் என்றே நினைத்திருந்தேன். அப்பா கிணற்று வாளியைப் பார்த்து ஏன் ஆபீஸ் ஆபீஸ் என்கிறார் என்று குழம்பியிருக்கிறேன். தூக்கு என்று அர்த்தம். ஆரியா என்றால் இறக்கு. போர்ச்சுகீசியர் கப்பலில் விட்டுப்போன சொல். சராங் பாரசீகத்திலிருந்து வந்தது. சுக்கான் அரபு, நாம் செந்தமிழ் என்று நினைக்கும் மாலுமிகூட அரபு வழி வந்ததுதான். அம்மாவுக்கு இந்தப் பாஷையே ஆகாது. கூடவே வசவும் வரும் என்பதால், “உங்க கப்பல் பாஷையை வாசலோட விட்டுட்டு வாங்க” என்பாள். நானும் அம்மா கட்சிதான். வீட்டில் அவரைப் பேசவிடாத பாஷைதான் முதலில் திரும்பி வந்தது. வாதம் வந்து பேச்சு போனவர்களுக்கு எண்ணிக்கை, ஜெபம், வசவு மாதிரி வாய் தானாகச் சொல்லிப் பழகியவை சில சமயம் மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

பதினான்காவது நாள் மூன்று சொற்கள் வந்தன. லண்டன், கயிறு, தொடாதே. எனக்குப் புரிந்துவிட்டது, நூறு தடவை கேட்ட கதை. 1966இல் பிரிட்டிஷ் மாலுமிகள் வாரம் 56 மணி நேர வேலையை 40 ஆக்கு என்று மே 16ஆம் தேதி ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். ஒரே வாரத்தில் அங்கே அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. ஜூலை 1 வரை நீண்டது. அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு, அவர் கப்பல் லண்டனில் நின்றது. பம்பாயில் கையெழுத்துப் போட்டு ஏறிய நம் ஆட்களுக்குத் தனி ஒப்பந்தம், அவர்களைவிட வெகு குறைந்த சம்பளம். ஸ்டிரைக் நம்முடையது இல்லை. பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த கப்பலின் கயிற்றை இழுத்துக் கட்டச் சொல்லி கப்பல் அதிகாரியான மேட் கூப்பிட்டபோது, கிழட்டு ரத்னகிரி சராங் பையன்களைப் பார்த்து “அந்தக் கயித்தைத் தொடாதே” என்றாராம். 1939இல் போர் தொடங்கியதும் கூலி உயர்வு கேட்டு பிரிட்டன் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் வேலையை நிறுத்தினார்கள். பல பேரை ஜெயிலில் போட்டார்கள். அதில் அந்தச் சராங்கும் ஒருவர். கயிறு சாயங்காலம்வரை தண்ணீரில் தொங்கியபடியே கிடந்ததாம்.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு யாரும் தலை நிமிர்வதில்லை. மூன்று சொல்லை வைத்துக்கொண்டு, “அப்புறம்? மேட் என்ன சொன்னான்?” என்று நச்சரித்து, கையையும் காலையும் ஆட்டவிட்டு, முழுக் கதையையும் அப்பாவிடமிருந்தே வாங்கினார் அண்ணாச்சி. முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் அப்பா சிரித்தார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். தண்டல் (சராங்குக்கு அடுத்தவர்), கசாப் (ஸ்டோர் பார்ப்பவர்), பண்டாரி (சமையல்காரர்), டோப்பாஸ் (துப்புரவு ஆள்) என்று இதுவரை முப்பத்தொரு சொல் ஏறியிருக்கிறது. வசவுகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அது அம்மாவுக்குத் தெரியாது.

அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு டூட்டி இல்லை என்று விசாரித்துவிட்டேன். அழைப்பு என்னுடையது இல்லை. இன்று காலை அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: “மீன்... ஞாயிறு... கூப்பிடுல.”