பொயிலர் திருத்த உதவிய எல்லோருக்கும்

ஹரோவில் இருக்கும் எங்கள் அயலவர்களுக்கும் நண்பர்களுக்கும்,

2022 டிசம்பரில் லண்டனில் பனி கொட்டியபோது வீட்டைச் சூடாக்கும் எங்கள் காஸ் பொயிலர் எரிவதும் அணைவதுமாக இருந்தது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குளிரில் ஓடிவந்து உதவிய உங்களுக்கு மனமார நன்றி சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டிதான் முதலில் வந்தவர். பொயிலர் களக் களக் என்று சத்தம் போடுவதைக் கேட்டதும் நேரே வெளிச்சுவருக்குப் போய் அங்கே இறங்கும் பிளாஸ்டிக் குழாயைக் காட்டினார். காஸ் எரியும்போது வரும் ஆவி குளிர்ந்து தண்ணீராகி அந்த வழியாகத்தான் வெளியேறும். அது உறைந்துவிட்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, பொயிலர் தானாகவே நின்றுவிடும். கொதிதண்ணீர் ஊற்றினால் குழாய் வெடிக்கலாம் என்று இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இளக்கினார். அந்த வயதில், அந்தப் பனியில்! தன் வீட்டு ஹீட்டரையும் அம்மாவின் அறைக்குத் தந்தார்.

பனி போன பிறகும் பொயிலர் நின்று நின்றுதான் எரிந்தது. உள்ளே ஓடும் தண்ணீரின் அழுத்தம் 1.5 பாரில் சரியாகவே இருந்தது. பார்க்க வந்த ஒருவர் புதுப் பொயில‌ர் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் தமிழ்ப் பள்ளியில் பழக்கமான தம்பி வந்தார். நாங்கள் கேட்காமலே காஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்று காட்டும் காஸ் சேஃப் அட்டையைக் காட்டிவிட்டுத்தான் வேலையில் இறங்கினார். பொயிலரிலிருந்து போகும் குழாய் கொதிக்கிறது, திரும்பி வரும் குழாய் ஆறிக் கிடக்கிறது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களின் அடிப்பாகமும் சில்லென்று இருக்கிறது. உள்ளே இரும்பு அரித்துச் சேறு கட்டிவிட்டதாம். தண்ணீர் ஓடாததால் சூடு பொயிலரிலேயே தங்க, சென்சர் தீயை அணைத்துவிடுகிறது. ஆறியதும் மறுபடி எரிகிறது. இவ்வளவையும் பொறுமையாக விளக்கினார். கழுவிவிட்டபோது வந்த தண்ணீர் மை மாதிரி கறுப்பு. அந்தச் சேற்றைப் பிடிக்கும் காந்த ஃபில்டர் ஒன்றைப் பூட்டி, வெளிக்குழாய்க்கும் உறை சுற்றினார். பழைய பொயிலரே இப்போது நன்றாக ஓடுகிறது.

பொயிலரை மறுபடி எரிய வைக்கும் ரீசெட் பொத்தானை அமத்திக்கொண்டே இருக்காதீர்கள் என்று போனில் தடுத்த அண்ணாவுக்கும், அம்மாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்த மாமிக்கும் நன்றி.

தைப்பொங்கலுக்கு எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். பாட்டிக்கு இனிப்புக் கூடாதாம். அவருக்கு அம்மா வடை சுடுகிறார்.