கார்டைத் திருப்பிப் பார், பாப்பா

திருச்செங்கோடு,
ஞாயிறு காலை

பாப்பா,

நேற்று போனில் "எனக்குத்தான் ஃபோர் வீலர் லைசென்ஸ் இருக்கே அப்பா, அப்புறம் என்ன?" என்று கேட்டாய். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நீ குட்டியானை, அந்தச் சின்ன சரக்கு வண்டி, வாங்குவதில் எனக்குச் சந்தோஷம்தான். வாடகை வண்டிக்காரன் வருவானா மாட்டானா என்று எண்ணெய் டின்னைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் கடை வாசலில் நிற்பாய்?

முதலில் உன் லைசென்ஸ் கார்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பு. எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி என்று ஒரு வரி இருக்கும். காலேஜ் நாளில் ஸ்கூட்டிக்காக எடுத்தது. கியர் இல்லாத டூவீலர் என்று அர்த்தம். இன்னொரு வரி எல்.எம்.வி, கார் மாதிரி லைட் வண்டிக்கு. அவ்வளவுதான் உன்னிடம் இருப்பது. கடையில் நிற்கிற கியர் பைக்கையும் நீ எடுத்துக்கொண்டு போவதாகத் தம்பி சொன்னான். கார் ஓட்டுகிறவளுக்கு பைக் எம்மாத்திரம் என்று நினைத்திருப்பாய். பெரிய வண்டிக்கு எடுத்த லைசென்ஸில் சின்ன வண்டியும் அடங்கிவிடும் என்று சட்டத்தில் இல்லை, அது வேறு வகை, இது வேறு வகை. எல்.எல்.ஆர், அதாவது பழகுகிறவர்களுக்கான லைசென்ஸ், போட்டு முப்பது நாள் கழித்துப் போய் எட்டு போட்டுக் காட்டினால் அந்த வரியும் ஏறிவிடும். எல்.எல்.ஆர் ஆறு மாதம்தான் செல்லும், அதற்குள் முடித்துவிடு. அதுவரை அந்த பைக்கைத் தொடாதே.

இனி குட்டியானைக்கு வருகிறேன். மஞ்சள் போர்டு வண்டி என்றாலே பேட்ஜ், அதாவது லைசென்ஸில் தனி அனுமதி, வேண்டும் என்று கடைத்தெருவில் யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்கள் சொல்வது சரி. 2017ல் சுப்ரீம் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் அப்படி வேண்டியதில்லை என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அதையே உறுதி செய்தார்கள். வண்டியும் அது ஏற்றக்கூடிய பாரமும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை, எல்.எம்.வி வைத்திருப்பவர் தனியாக எதுவும் எழுதி வாங்காமல் ஓட்டலாம். குட்டியானை ஒன்றரை டன் சொச்சம்தான் வரும். தாராளமாக ஓட்டு. ஆசிட், பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றினால் சட்டம் வேறு. நல்லெண்ணெய் அந்தக் கணக்கில் வராது, பயப்படாதே.

எனக்குக் கவலை குட்டியானை இல்லை. தீபாவளி சமயத்தில் ஆர்டர் கூடினால் பக்கத்து மில்காரரின் பெரிய வண்டியை இரண்டு நாள் வாங்கி நீயே ஓட்டிக்கொள்வதாகச் சொன்னாயே, அதுதான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

2001ல் என்னிடமும் லைட் லைசென்ஸ்தான் இருந்தது. நீ அப்போது கைக்குழந்தை. சங்ககிரியில் ஒருவரிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய லாரி டிரைவருக்கு ஒருநாள் காய்ச்சல். சிமெண்ட் லோடு ஏற்றி நிற்கிறது. "நீதான் நல்லா ஓட்டுவியே, கோபி வரைக்கும் போய் இறக்கிட்டு வந்துரு" என்றார் ஓனர். நல்லா ஓட்டுவியே என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி ஏறி உட்கார்ந்தேன். ஆறு சக்கர வண்டி, மொத்தம் பதினாறு டன்.

பவானி தாண்டி ஒரு மொபட்காரர் சந்திலிருந்து குறுக்கே வந்துவிட்டார். நான் முப்பதில்கூடப் போகவில்லை. அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. கேஸ் கோர்ட்டுக்குப் போனது. எவ்வளவு வேகத்தில் வந்தேன், எங்கே பிரேக் அடித்தேன் என்று கேட்பார்கள் என மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இன்சூரன்ஸ் வக்கீல் என் லைசென்ஸ் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இந்த வண்டி இதில் இருக்கிறதா?"

இல்லை.

அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி காசு கொடுக்கட்டும், பிறகு அதை ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு. ஓனர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இரண்டு வருஷம் பேட்டா மட்டும் கொடுத்தார், சம்பளம் பிடித்துக்கொண்டார். நீ நடக்கப் பழகிய வீட்டைக் காலி செய்துவிட்டு மாமா வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறைக்கு வந்தோமே, எதற்கு என்று நீ கேட்டபோதெல்லாம் அம்மா பேச்சை மாற்றியது இதனால்தான்.

அதற்குப் பிறகு முறையாக எல்.எல்.ஆர் போட்டு, பிரேக் இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டி ஹெவி எடுத்தேன். நாம் ஹெவி என்போம், இப்போது கார்டில் டிரான்ஸ், அதாவது டிரான்ஸ்போர்ட், என்று இருக்கும். உனக்கு அது தேவைப்பட்டால் எடுக்கலாம். எல்.எம்.வி கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும், உனக்கு அது எப்போதோ ஆகிவிட்டது. டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். ஒன்று கவனித்துக்கொள்: கார் ஓட்டும் உரிமை உனக்கு நாற்பது வயது வரை ஓடும், டிரான்ஸ் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கார்டில் இரண்டு தேதி இருக்கும். பெரிய தேதியை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் எங்கள் ஸ்டாண்டிலேயே நாலைந்து பேர். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி டெஸ்ட்டில் போய் நிற்க வேண்டும்.

மில்காரர் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி மொத்த எடை என்ற இடத்தைப் பார். 7,490 என்று போட்டிருந்தாலும் சரி, ஓட்டலாம். 7,500ஐத் தாண்டினால் வேண்டாம். "காலியாகத்தானே கொண்டுவருகிறேன்" என்பதெல்லாம் எடுபடாது. அன்றைக்கு ஏற்றிய பாரம் கணக்கில்லை, புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

அப்புறம் உன்னிடம் வேலை செய்கிற அந்தப் பையன். கார் லைசென்ஸ் எடுத்துவிட்டான், டெலிவரிக்கு அனுப்பலாம் என்றாய். அவனுக்குப் பத்தொன்பது. சரக்கு வண்டி ஓட்ட இருபது முடிந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. வருகிற தை வரை அவன் டின் இறக்கட்டும். முகம் வாடும், வாடட்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் குட்டியானை ஆர்.சி.யையும் படம் பிடித்து அனுப்பு. டயரை மட்டும் நான் வந்து பார்க்கிறேன், அதில் உன்னை நம்ப மாட்டேன். புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், பாதியை நானே தின்றுவிட்டேன்.

அப்பா